சுற்றுப் பாதை

ஏழரைக்கே வந்திட்டன் பண்ணைக்கு.
கதவு திறக்கப் பத்தாகும் எண்டு தெரியாமலில்லை.
அதின்ர உள்பக்கத்துத் துருவை
இரண்டு வருசம் நகத்தால சுரண்டினவன் நான்.

டெனிஸ்ரன் வந்தான்.
சொப்பிங் பைக்குள்ள ஒரு சாரம், பாதிச் சவர்க்காரம்,
சார்ச் இல்லாத போன்.
ஆரும் வரேல்லையோ எண்டு கேக்கேல்லை.
நானும் சொல்லேல்லை.
சைக்கிள் கரியரைத் தட்டி, ஏறு எண்டன்.

எவ்வளவு வச்சிருக்கிறாய்?
ஆயிரத்து இருநூறு.
என்னட்டத் தா, பின்னேரம் சாமானாய்த் தாறன்.
'கள்ளனிட்டயோ?' சிரிச்சான்.
ஓம், கள்ளனிட்டத்தான்.
அம்மான்ர தாலிக்கொடியைக் கொண்டுபோய்
அடகுகூட வைக்காமல் வித்தவனுக்குத் தெரியும்
முதல் நாள் காசு எந்தப் பக்கம் நடக்கும் எண்டு.

மாசியிலயும் இப்பிடித்தான் ஏத்திக்கொண்டு வந்தன்
கிளரன்ஸை.
சவாரி முழுக்கப் பாட்டு.
செவ்வாய்க்கிழமை, வலைக் கொட்டிலுக்குள்ள
எங்கட எட்டுக் கதிரையில ஒண்டில இருந்து
பிளேன்ரீக்குச் சீனி காணாது எண்டு சண்டை பிடிச்சான்.
வியாழக்கிழமை கதவை உடைச்சுத்தான் தூக்கினம்.
அதுக்குப் பிறகு ஆரையும் ஏத்தமாட்டன் எண்டிருந்தன்.
எண்டிருந்தன்.

கடற்கரையால போனால் குருநகர் கிட்ட.
நான் பஸ் ஸ்ராண்ட் பக்கம் திருப்பினன்.
ஆஸ்பத்திரி, பெரியகடை, வெயில்,
கோன் அடிக்கிற மினிபஸ், எதிர்க்காத்து.
'உதால ஏன் சுத்துறாய்?'
ஐஸ் பக்டரி மதிலுக்குப் பின்னால ஒரு ஒழுங்கை.
அவன் இப்பவும் அங்கதான் நிக்கிறான்.
'எனக்காகச் சுத்தாத. நான் தாண்டுவன்.'

நீ தாண்டுவாய் மச்சான்.
எனக்குத்தான் ஏலாது.
பதினாலு மாசம்.
செவ்வாய்க்கு ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்கிறனான்,
அந்த மதிலைக் கண்டால்
வாயில தண்ணி ஊறுது.

பின்னால சத்தமில்லை.
ஒரு சந்தி போச்சுது, இன்னொரு சந்தி.
இவ்வளவுதானோ நீ எண்டு
இறங்கிப் போயிடுவான் எண்டு நினைச்சன்.
இறங்கினான்தான்.
'உனக்கு மூச்சு வாங்குது. தள்ளு, நான் மிதிக்கிறன்.'

கரியரில இருந்தன்.
பையை மடியில வச்சன்.
உள்ளுக்குள்ள தாற அதே சவர்க்காரம் மணத்தது.
அவனுக்கு ஓட்டம் மறந்துபோச்சு,
காண் பக்கமாய் இழுக்குது ஹாண்டில்.
வலது எண்டன்.
இஞ்சையோ?
இல்லை, அடுத்தது.
அடுத்ததால போ.