செவ்வாய், வெள்ளி

முதலில் அது ஐம்பது காசு அளவு.
ஈசூன் திறந்தவெளிப் பார்க்கிங், எண்பத்தேழாவது கட்டம்,
என் பத்தடி லாரியின் வயிற்றுக்குக் கீழே
கறுப்பாய், ஓரத்தில் கொஞ்சம் வானவில்.

ஊபியில் கோ குனிந்துகூடப் பார்க்கவில்லை.
டார்ச்சை ஒரு வீசு வீசிவிட்டு
"பின் சீல். கியர்பாக்ஸ் இறக்கணும்.
இரண்டாயிரத்து நூறு" என்றார்.
லாரிக்கு சிஓஇ இன்னும் பதினாலு மாதம்.
கணக்குப் போட்டேன்: மாதம் நூற்றைம்பது வெள்ளி,
ஒழுகாமல் இருப்பதற்கு மட்டும்.

நானே பார்த்துக்கொள்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.
வீடு மாற்றுகிறவர்களின் சாமான் ஏற்றுகிறவன்.
மூன்று கதவு அலமாரியைப் பிரிக்காமல்
லிஃப்ட்டுக்குள் நுழைத்தவன் என்கிற திமிர்.

காலை ஆறு மணிக்கு நோட்டில் எழுதினேன்.
திங்கள்: மூன்று சொட்டு.
செவ்வாய்: இல்லை.
புதன்: நாலு. வியாழன்: நாலு, ஒன்று பெரிசு.
வெள்ளி: இல்லை.
மூன்று வாரமும் இதே.

"செவ்வாய் வெள்ளி விரதம் இருக்குது போல"
என்று சித்திரகலா சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை, காரணம் தேடினேன்.
திங்கள் லோடு குறைவு. வியாழன் இரவு
தாமதமாய் வந்து வேறு கோணத்தில் நிறுத்துகிறேன்.
படம்கூட வரைந்தேன்.
எல்லாம் பொருந்தி வந்ததுதான் ஆச்சரியம்.

நாலாம் செவ்வாய், தூக்கம் வராமல் ஐந்துக்கே இறங்கினால்
லாரிக்கடியில் இரண்டு கால்கள்.
மஞ்சள் பூட்ஸ். வாளி. சோப்புத்தூள்.
சட்டையில் சிந்திய குழம்பைத் தேய்ப்பதுபோல்
ரஃபிகுல் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
இந்தப் பக்கம் கழுவும் முறை அவருக்கு
செவ்வாய், வெள்ளி.
"உங்க லாரியா பாஸ்? ரொம்ப ஊத்துது."

அன்று இரவே அட்டை விரித்தேன்.
யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டி,
மார்க்கரில் "கிச்சன், உடையும்" என்றிருந்தது.
காலையில் 'உடையும்' மேல் ஐந்து.

பார்க்கிங்கில் ரிப்பேர் கூடாது என்று நாலு மொழியில் பலகை.
ஞாயிறு விடியலில் தமிழ்ப் பக்கம் மட்டும் பார்க்காமல்
கேபினைக் கவிழ்த்தேன்.
டீகிரீசர், பழைய பல் பிரஷ், கந்தல்.
துடைத்து, உலரவிட்டு,
சித்திரகலாவின் முகப்பவுடரை எஞ்சின் முழுக்கத் தட்டினேன்.
"அது பன்னிரண்டு வெள்ளி!" ஐந்தாம் மாடி ஜன்னல் சொன்னது.
மாப்பிள்ளைக் களையோடு
இருபது நிமிடம் ஓடியது எஞ்சின்.

சொட்டு விழுந்த இடம் பொய் சொல்லும்.
ஈரத்தின் வாலைப் பிடித்து மேலே போனேன்:
கிளட்ச் கூட்டின் விளிம்பு, ஒரு பிராக்கெட், ஒயர்க்கட்டு,
எஞ்சினின் முதுகு,
அப்புறம் வால்வ் கவரின் பின்மூலை.
அங்கேதான். ஒழுகல்கூட இல்லை,
வெறும் வியர்வை.
கோ சொன்ன சீல்மேல் வழிந்துவந்து
இத்தனை நாளாய் அதன் பெயரைக் கெடுத்திருக்கிறது.

கேஸ்கெட் முப்பத்தெட்டு வெள்ளி.
பழையதை இழுத்தால் ரப்பராய் வரவில்லை,
முறுக்கு மாதிரி ஒடிந்தது.
சுரண்டி, மூலைக்கு மூலை சிலிக்கான் ஒரு பொட்டு,
நடுவிலிருந்து வெளிப்பக்கமாய் போல்ட்.
மணிக்கட்டு போதும், தோள் கூடாது.
ஒன்று, முன்னமே யாரோ தோளால் இறுக்கி
மரை போனது.
அதை என்ன செய்தேன் என்பதைக் கோவிடம் சொல்லமாட்டேன்.

திங்கள்: அட்டை காய்ந்திருந்தது.
செவ்வாய்: எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு இறங்குகிறேன்,
ரஃபிகுல் வாளியோடு நிற்கிறார்.
'கிச்சன்' மேல் புதிதாய் ஒரு ஈரம்,
ஐம்பது காசு அளவு.

இருவரும் குந்தினோம்.
அவர் விரல் வைத்தார், முகர்ந்தார்,
என் மூக்குக்கு நேரே நீட்டினார்.
"ஏர்கான் தண்ணி பாஸ்."

இருந்தாலும்
என் விரலையும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன்.