சிவப்புக் கட்டைகளுக்குள்

முதல் கிழமை
கை என்னுடையதாய் இல்லை.
முப்பது பாகை, அழுத்தாதே, பக்கத்தால் சுரண்டு...
ஒவ்வொரு சொல்லாய் வாய்க்குள் உருட்டி
ஒரு சாண் மண்ணுக்கு
ஒரு காலை போனது.
அம்பகாமத்து வெயில்.
முகக்கவசத்துக்குள் வியர்வை கரிக்கும்;
அதை நினைத்தால் கை தவறும்.

பிறகு எப்போதோ
வேர் இது, கல் இது, பிளாஸ்ரிக் இது என்று
விரல் எனக்கு முதலே அறிந்தது.

நேற்று,
மகளின் சப்பாத்துக் காசை யோசித்தபடி
அரை முழம் தாண்டியிருந்தேன்.
பிழையொன்றுமில்லை, கோடு நேர்தான்.
யசோமலர் விசில் ஊதி வெளியே கூப்பிட்டாள்:
"நல்லாப் பழகிப்போட்டாய்.
இனித்தான் எனக்குப் பயம்."

இன்று மறுபடி முழந்தாளிட்டு
முப்பது பாகை என்கிறேன், சத்தமாய்.

இரவில் தேங்காய் திருவும்போது மட்டும்
கையை அதன்பாட்டில் விடுகிறேன்.