ஆறு நாற்பது காலி

கோப்பைக்கு இன்னும் இரண்டே விடியல்.
ஃபிளெமிங்டனில் என் காப்பி ஆறுகிறது.
பேக்கரி ரசீதின் பின்புறம்
நிகழ்ச்சி விருந்தினர்கள்:

ஆறு பத்து, பயிற்சியாளர் கியோ.
குதிரையைக் கேட்டால் மழையைச் சொல்வார்.
ஆறு இருபத்தைந்து, ஜாக்கி டெக்லன்.
எடை குறைக்க நேற்றிலிருந்து தண்ணீர் தொடவில்லை,
நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறதாம்:
"ஆமா, இல்லைன்னு முடியிற மாதிரி கேளுங்க."
பிறகு உரிமையாளர்கள். ஒரு குதிரைக்குப் பதினோரு பேர்,
பதினோரு பேருக்கும் மைக் வேண்டும்.

ஆறு நாற்பது காலி.

குதிரைகளை உள்ளே தள்ளித்
தொடக்கக் கதவடைக்கும் நெவிலை அழைத்தேன்.
"நானா?
இருபத்தொரு வருஷமா வாலைத்தான் பார்த்திருக்கேன்.
ஜெயிச்சது யாருன்னு
உங்க ரேடியோ சொல்லித்தான் தெரியும்."

பேனா மூடியைப் பல்லால் கழற்றினேன்.
பதினோரு பேரையும்
ஒரே கோட்டில் அடித்தேன்.