இருபது டிகிரியில் ஒருவன்

சித்ரா என்றதும்
ஏதோ ஒரு பெண்ணின் பெயர் என்றுதான் நினைத்தேன்.
பஹ்ரைனில் அது ஒரு தீவு.
எண்ணெய்த் தொட்டிகள், பழைய டயர்கள்,
மீன் நாற்றத்தோடு வரும் ஈரக்காற்று.
அங்கே ஜன்னலில்லாத கிடங்கொன்றில்
எண்பத்தைந்து வயதான சித்திரக்கதைப் புத்தகத்துக்குக்
குளிர் போதவில்லை என்று
போன் வந்தது.

ஆகஸ்ட் மாதம். மணி ஒன்றரை.
பன்னிரண்டிலிருந்து நான்குவரை
வெயிலில் வேலை கூடாதென்பது சட்டம்.
கம்ப்ரசர் சட்டம் படித்ததில்லை.
"அஞ்சு நிமிசம்தாம்லே" என்று
ஏணியைச் சாத்தினார் சூப்பர்வைசர் பென்சிகர்.
ஐந்து நிமிடம் ஒரு மணி நேரமானது.
ஊறிய கொண்டைக்கடலையாய்
வீங்கிக் கிடந்தது கெப்பாசிட்டர்.
ஸ்பானரைத் துணி சுற்றித்தான் பிடிக்க முடிந்தது.

கீழே இறங்கினால்
இருபது டிகிரி. ஈரப்பதம் நாற்பத்தைந்து.
வாசலிலேயே பல் கிட்டியது.
காப்பாளர் ஜோய்லின், பிலிப்பைன்ஸ்காரி,
வெளியே நிற்கவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்;
உள்ளே தண்ணீருக்கு அனுமதியில்லை.
பிறகு,
இதற்காகத்தானே இவ்வளவும் என்பதுபோலப்
பெட்டியைத் திறந்து காட்டினாள்.

அட்டையில் அவன் இல்லை.
அட்டையில் குதிரைமேல் ஒரு கௌபாய்.
உள்ளே துப்பறியும் கதை, கடற்கொள்ளைக் கதை,
தலைமுடித் தைல விளம்பரம்,
எல்லாம் தாண்டிக்
கடைசியில் ஆறு பக்கம்.
இடம் நிரப்பக் கேட்டார்கள் என்று
ஒரே ராத்திரியில் வரைந்ததாம்.
விலை பத்து சென்ட்.
இன்றைக்கு என்ன விலை என்று ஜோய்லின் சொன்னாள்.
தினாருக்கு மாற்றி, ரூபாய்க்கு மாற்றி,
பாதியில் விட்டுவிட்டேன்.

பறக்கத் தெரியாது அவனுக்கு. தாண்டுவான்.
ஒரு கட்டத்தில் மேலங்கி சிவப்பு,
அடுத்த கட்டத்தில் மஞ்சள்;
மை தீர்ந்திருக்கும்.
முகமூடி சரியாக உட்காரவில்லை போல,
ஒரு கையால் பிடித்தபடியே ஓடுகிறான்.

எழுத்துக் கூட்டி வாசித்தேன்.
உலகைக் காக்க வந்தவன் இல்லை.
சுரங்க முதலாளி ஒருவன்
நாற்பது பேருக்கு மூன்று மாதக் கூலி பாக்கி.
இவன் மதிலைத் தாண்டிப் போய்
அவனை நாற்காலியோடு தூக்கிக்
கணக்குப் புத்தகத்தைத் திறக்கவைக்கிறான்.
வரிசையாக நிற்கிறார்கள். எண்ணி வாங்குகிறார்கள்.
கடைசிக் கட்டத்தில் ஒரு தொழிலாளி
நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறான்.
அவசரத்தில் வரைந்த கை
அவன் முகத்தில் மட்டும்
நிதானமாக நின்றிருந்தது.

"அடுத்த மாசம்?" என்று கேட்டேன்.
இரண்டாம் இதழில் வங்கிக் கொள்ளையர்கள்.
மூன்றாவதில் பறக்கக் கற்றுக்கொண்டானாம்.
நான்காவதில்
செவ்வாய்க் கிரகத்தோடு சண்டைக்குப் போனவன்
அப்புறம்
எந்தக் கம்பெனி வாசலுக்கும் வரவில்லை.

எனக்கு சல்மாபாத் கேம்ப் ஞாபகம் வந்தது.
பதினோரு பேர். நான்கு மாதம்.
முதலாளியின் போன்
தொடர்பு எல்லைக்கு வெளியே.
அவர் வீட்டு மதில் ஒன்றும் உயரமில்லை.
ஒருநாள் வேனிலிருந்து பார்த்தோம்,
காகிதப்பூ தொங்கிக்கொண்டிருந்தது.
தாண்டத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னும் கொஞ்சம் குனிந்தபோது
நெற்றியிலிருந்து ஒரு சொட்டு
அந்த நாற்பது பேர்மேல் விழ இருந்தது.
ஜோய்லின் கையை நீட்டிப் பிடித்தாள்.
வெள்ளைக் கையுறையில்
சின்ன வட்டமாக ஊறியது.
இருவரும் மூச்சுவிடவில்லை.
பட்டிருந்தால் பாதி விலை போயிருக்கும் என்றாள்.
மன்னிப்புக் கேட்டேன்,
அவளிடமா, காகிதத்திடமா, தெரியவில்லை.

பெட்டி மூடியது.
கூரையில் கம்ப்ரசர் சீராக உறுமியது.
சர்வீஸ் தாளில் கேட்டிருந்தார்கள்:
முதல் வருகையா, தொடர் பராமரிப்பா?
முதல் கட்டத்தில் டிக் போட்டேன்.
பெயருக்கு விட்ட இடம் கொஞ்சம்.
இனிஷியலோடு, அப்பா பெயரோடு,
கோட்டைத் தாண்டிப் போனாலும் போகட்டும் என்று
எழுதிக்கொண்டிருக்கும்போதே
வேனிலிருந்து பென்சிகர்
ஹாரன் அடித்தார்.