உங்கள் பொட்டலம் தொடர்பாக

வணக்கம் வெர்லீன்.
மூன்று வாரமாகத் தபால்பெட்டியைத்
திறந்து திறந்து பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.
நெப்ராஸ்காவில் பனி கொட்டுகிறது,
மூடி உறைந்துபோய்க் கரண்டிக் காம்பால் நெம்பினீர்கள்,
உள்ளே மின்கட்டண ரசீது மட்டும்.

உங்கள் பொட்டலம் வராது.
அது கிளம்பவே இல்லை.
அல்லது
நீங்கள் பணம் கட்டிய நொடியிலேயே வந்துவிட்டது.
இரண்டும் உண்மை. என் தொழில் அப்படி.

நான் விற்றது பதினொரு காளான்.
ஓஸ்த்ராவாவில், ட்ராம் பணிமனைக்குப் பின்னால்,
மூன்றாம் மாடிச் சமையலறையில்
சூப் பாத்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு
மையில் வரைந்தவை.
பகலில் எனக்குப் பல் மருத்துவரின் வாசலில்
பெயர் கூப்பிடும் வேலை.
காளான் இரவில்தான் முளைக்கும்.

ஐந்தாவதன் குடையில் ஒரு மயிர்க்கோடு இருக்கும்.
தூரிகை உதிர்த்தது.
ஸ்கேன் செய்து, கண் எரிய எரியப் பெரிதாக்கி,
காகிதத்தின் நரம்பையெல்லாம் ஒவ்வொன்றாய் அழித்தேன்,
அதை மட்டும் விட்டுவைத்தேன்.
கையால் செய்தது என்று போட்டிருக்கிறேனே,
ஒரு சாட்சி வேண்டாமா?

'எந்திரம் கக்கியதா?' என்று
வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்.
மை படிந்த என் கையைப் படமெடுத்துப் போட்டேன்.
அதுவும் எந்திரம் வரைந்த கைதான் என்றார் ஒருவர்.
விரல்களை எண்ணிப் பார்த்தேன்.
ஐந்துதான்.

விலை மூன்று டாலர்.
கடை விரிக்க இடம் தந்தவன் கை நனைத்தான்,
பணம் வாங்கித் தந்தவன் நனைத்தான்,
டாலரைக் கொருனாவாக்கியவன் நனைத்தான்,
நான் கேட்காத விளம்பரத்தைப் போட்டவனும்
பந்தியில் உட்கார்ந்து எழுந்தான்.
மிச்சத்தில் ஒரு ட்ராம் டிக்கெட் வரும்.
போவதற்கு. திரும்ப நடக்கவேண்டும்.

'ஒருமுறை வரைந்தால் போதும்,
தூங்கும்போதும் விற்கும்' என்று
யாரோமீர் தன் தங்கையிடம் அளக்கிறான்.
தூங்கும்போது ஒன்றும் விற்றதில்லை.
தூங்காமல் இருந்ததில்
பிப்ரவரியில் நான்கு.
நான்காவது நீங்கள்.

ஒற்றை நட்சத்திரம் போட்டீர்கள்.
'பெட்டி வரவில்லை.'
கடைக்குள் நுழைகிறவர் கண்ணில்
முதலில் அதுதான் படுகிறது.
பிறகு யாரும் நுழையவில்லை.

கோபமாகப் பதில் எழுதினேன்:
இது கோப்பு, பொருள் அல்ல,
விவரத்தில் ஐந்தாம் வரியைப் படிக்கவும்.
அழித்தேன்.
பணிவாக எழுதினேன்.
அதையும் அழித்தேன்.
உங்கள் கடிதத்தைக் கடைசிவரை அப்போதுதான் படித்தேன்:
'மேசைக்கு எதிர்ச்சுவர் காலியாக இருக்கிறது,
அதைப் பார்த்தபடிதான் சாப்பிடுகிறேன்.'

செவ்வாய்க்கிழமை பல் மருத்துவருக்கு
வயிற்றுவலி என்று சொன்னேன்.
அச்சுக்கடையில் தடித்த தாள் கேட்டேன்.
தபால் நிலையத்தில், உள்ளே என்ன என்றாள்.
காளான் என்றேன்.
உணவுப்பொருள் கடல் தாண்டாது என்றாள்.
காகிதக் காளான் என்றேன்.
மதிப்பு?
மூன்று டாலர்.
அவள் தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
தபால்தலையின் விலையை இரண்டு முறை சொன்னாள்.
காளான் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

யாரோமீருக்குச் சொல்லவில்லை.
நட்சத்திரத்தை மாற்றச் சொல்லி
உங்களையும் கேட்கவில்லை.
கேட்டு ஒரு சீட்டு எழுதினேன், நிஜம்தான்.
எடை ஏறும் என்று எடுத்துவிட்டேன்.

கோப்பு இன்னும் உங்கள் கணினியில்தான் கிடக்கிறது,
எந்தப் பனியும் படாமல்.
அது கிடக்கட்டும்.
பெட்டி திறக்காவிட்டால்
கரண்டியை மெல்லப் போடுங்கள், வெர்லீன்.
ஐந்தாவது காளான் மேலாக இருக்கிறது.

ஸ்லாவ்கா