ஐந்து நிமிட நீட்டிப்பு

தாலின் நகரத்து டிசம்பரில்
மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும்.
கனாசாவாவில் அப்போது இரவு பத்தே முக்கால்.
ஏலம் முடிய இரண்டு நிமிடம்.
கோப்லி முனையத்தில் டிராமை நிறுத்தி
கைபேசியை எடுத்தேன்.
ஓடும்போது தொட்டால் வேலை போகும்.

நான் போயிராத ஊரில்
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில்
என் பெயருக்குக் கை தூக்க
ஒரு கம்பெனியை அமர்த்தியிருந்தேன்.

பொருளைச் சொல்லவில்லையே.
தகர டிராம். ஒன்றரைச் சாண் நீளம்.
பச்சையும் வெண்ணெய் நிறமும்.
சாவி இல்லை, ஓடுமா தெரியாது,
குப்பையென்று நினைத்தே வாங்குங்கள்,
திருப்பி எடுக்கமாட்டோம் என
விற்பவர் எழுதியிருந்தாராம்.
மொழிபெயர்ப்பு எனக்குத் தந்தது:
"குப்பையே, திரும்பி வராதே."

ஜன்னல்தோறும் பயணிகளை அச்சடித்திருந்தார்கள்.
தொப்பிக்காரர், குடைக்காரி, மூக்கை அழுத்திய பையன்.
ஓட்டுநர் இடம் மட்டும் காலி.
அங்கேதான் விழுந்தேன்.

பணிமனையில் வெய்க்கோ சிரித்தான்.
"எட்டு மணி நேரம் நிஜத்தை ஓட்டிவிட்டு
வீட்டில் பொம்மையா?
என் பல் டாக்டர் பல் சேர்ப்பதில்லை."

காலையில் மூவாயிரம் யென்னில் கிடந்தது.
இப்போது ஒன்பதாயிரம்.
எவனோ கேட்கிறான்.
நான் பத்து என்றால் அவன் பத்தரை.
யோசிப்பதே இல்லை,
என் விரல் எடுபடுமுன் அவன் விலை நிற்கிறது.

அந்த ஊர் ஏலத்தில்
ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவ ஆளில்லை.
கடைசி நேரத்தில் யார் கேட்டாலும்
கடிகாரம் இன்னும் ஐந்து நிமிடம் கொடுக்கும்.
மூன்றாம் தரம் வராமலே போகலாம்.

பதினேழு. இருபத்திரண்டு.
அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
ஓர் எழுத்து, சில நட்சத்திரங்கள்.
அதற்குள் அவனுக்கு முகம் வரைந்துவிட்டேன்:
ஒசாகாவில் மாடி வீடு,
கண்ணாடி அலமாரி, சாவி ஏற்கெனவே அவன் கையில்.
இவ்வளவு முழுதாக
யாரையும் நான் வெறுத்ததில்லை.

ஒரு பெண் கையுறையால் கதவைத் தட்டினாள்.
வெளியே பனியில் பதினோரு பேர்.
முப்பது என்றேன்.
முப்பத்தொன்று என்றான்.
போய்த் தொலை என்று
கதவைத் திறந்தேன்.

பதிவேட்டில் எழுதியது:
தாமதம் ஐந்து நிமிடம். காரணம், பனி.

பணி முடிந்து பார்த்தால் இரண்டு கடிதங்கள்.
முதலாவது: வருந்துகிறோம்,
உங்களைவிட அதிகம் கேட்டவர் வென்றார்.
இரண்டாவது, வேறொரு கம்பெனியிலிருந்து:
வாழ்த்துகள். முப்பத்தோராயிரத்துக்கு
தகர டிராம் தங்களுடையது.

திங்கள் இரவு. மூன்றாவது பீர்.
"நாற்பதுவரை விடாமல் துரத்தவும்"
என்ற கட்டத்தில் குறியிட்டவன் நான்தான்.
புதனன்று கட்டணம் குறைவென்று
அடுத்த கம்பெனிக்குப் போனவனும் நான்.
ஒசாகாவில் அந்த மாடி வீடு
விளக்கணைந்து இடிந்தது.
உண்மையைச் சொன்னால், கொஞ்சம் தனிமையாக இருந்தது.

வெய்க்கோவிடம் சொல்லவில்லை.

பிறகு சில்லறைகள் வந்தன.
உள்ளூர்த் தபால், கைமாற்றுக் கூலி, பெட்டிக்குக் கூலி,
கப்பலா விமானமா, இங்கே சுங்கம்.
கால் பணச் சுண்டைக்காய் என்றும் சொல்ல முடியாது இனி.
சுமைகூலி மட்டும்
பழமொழிக்குக் குறைவைக்கவில்லை.

சிபாவில் ஒரு கிடங்கு.
சரிபார்த்தவர்: நிஷிகோரி.
எடை நானூற்றுப் பத்து கிராம்.
ஓடுகிறதா என்று சோதிக்கும் வழக்கமில்லை.
படம் நான்கு அனுப்பியிருந்தார்.

மூன்றாவதை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
நீலக் கையுறை விரல்கள் கூரையைப் பிடித்திருக்கின்றன.
முன் தகரத்தின் பளபளப்பில்,
ஓட்டுநர் இடம் இருக்கும் அதே சதுரத்தில்,
விளக்குக்குக் கீழே குனிந்த ஒருவர்,
முகக்கவசம், கலைந்த முடி,
கண் என் பக்கம் இல்லை,
தராசைப் பார்க்கிறது.

சாவிகள் தனியாக ஏலத்தில் வருமாம்.
கலவையாக, இருபது ஒரு கட்டு.