கீறல் சோதனை

தேவனாம்பட்டினத்தில் வலை காயும் மணலுக்கு அப்பால்
அடம்பங்கொடியை வேரில் கை வைக்காமல்
இலையும் தண்டுமாய் நாலு கிலோ அறுத்தேன்.
பரவுவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை.
கணுவுக்குக் கணு வேர் இறக்கி
மணலை இழுத்துப் பிடித்தபடி
கடலைப் பார்த்தே போகிறது.
இதனிடம்தான் கேட்கப் போகிறேன்,
பரவலை நிறுத்தித் தா என்று.

"இத எதுக்கு அறுக்குற?" என்றாள்
சங்கராவின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்த அஞ்சலாட்சி.
சொன்னேன்.
கத்தி ஒரு நொடி நின்றது, பிறகு ஓடியது.
செதில் ஒட்டிய புறங்கையால்
தன் இடப்பக்க மார்பைத் தொட்டுக்காட்டி,
"அக்காவுக்கு இங்க. கல்லு மாதிரி.
ஒரு பிடி அரைச்சுக் குடுத்தா ஆவுமா?"

ஆகாது என்று தெரியும்.
அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.
ஜிப்மருக்குக் கூட்டிப் போ, நாளைக்கே போ,
பாண்டி பஸ் ஸ்டாண்டில் மாறிக் கோரிமேட்டில் இறங்கு என்று
வழியைத்தான் சொன்னேன்.

காலாப்பட்டு. ஆய்வகத்தில் இரவு பத்தரை.
செல்கள் யாரோ ஒருத்தியுடையவை.
மார்பில் தொடங்கி
நுரையீரலைச் சூழ்ந்த நீருக்கு வந்து
அங்கிருந்து ஊசியில் ஏறியவை.
அவள் பெயர் போய் எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது.
கடலூரை அறியாதவள்
என் இளஞ்சிவப்புத் திரவத்தில்
இன்னும் பசியோடிருக்கிறாள்.

தட்டின் அடியில் நெருக்கமாய் ஒட்டிய அவற்றின் நடுவே
பிப்பெட் முனையால் ஒரு கோடு கிழித்தேன்.
ஒரு குழியில் வெறும் கரைப்பான்.
ஒன்றில் அடம்பு.
பூஜ்ஜியம் மணிக்கு ஒரு படம்.

இந்தச் சோதனைக்கு இன்னொரு பெயர் காயம் ஆறுதல்.
காயம் ஆறிவிடக் கூடாதென்று
கண்விழித்துக் காவல் இருக்கிறேன்.

பன்னிரண்டாம் மணியில் கரைப்பான் குழியில்
இரு பக்கமும் கால் நீட்டிக் கிளம்பிவிட்டன.
இருபத்துநாலில் கோடே இல்லை.
அடம்பங்குழியில் மட்டும்
கோடைக் கெடிலம்:
இரண்டு கரை, நடுவே ஒன்றுமில்லை.

முகிலரசியை எழுப்பிக் காட்டினேன்.
"நின்னு போச்சா, செத்துப் போச்சா, அதப் பாத்தியா?"
கொட்டாவிக்கு நடுவே கேட்டாள்.
அதற்கு இன்னொரு தட்டு. இன்னொரு வாரம்.

இரண்டாம் முறையும் கோடு நின்றது.
மூன்றாம் முறை பாதி மூடிக்கொண்டது.
மழைக்குப் பின் அறுத்த இலையோ,
என் கையோ.
சராசரியின் தலையில்
பிழைக்கோடு நெட்டையாய் ஏறி நின்றது.

குடுவை உடைந்து விரலில் கீறிய இடத்தை
அன்றுதான் கவனித்தேன்.
மூடியிருக்கிறது.
என்னைக் கேட்காமல், இருட்டில்,
இரு கரையிலிருந்தும் கிளம்பி வந்திருக்கின்றன.
அதே நடைதான்.
எங்கே நிற்க வேண்டும் என்று
இவற்றுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவே.

தை பிறந்து மறுபடி போனேன்.
அஞ்சலாட்சியின் இடத்தில் பலகை மட்டும் கிடந்தது.
"அக்காவ கூட்டினு பாண்டிக்கிப் போயிருக்கு.
மூணு வாரத்துக்கு ஒருக்கா போவுது" என்றான்
வலை பிரித்துக்கொண்டிருந்தவன்.

முன்பு நான் அறுத்த இடம் எதுவென்று தேடினேன்.
எல்லாம் பச்சை.
இந்த முறை இலைகளின் ஈரம் துடைத்து
பையின் மேல் தேதியோடு
நேரமும் எழுதினேன்.